மகப்பேற்றுக்கு முந்தைய உதிரப்போக்கு

மகப்பேற்றுக்கு முந்தைய உதிரப்போக்கு என்பது கருவுற்ற 24ஆம் வாரத்திற்குப் பிறகு, குழந்தை பிறக்கும் முன் பிறப்புறுப்பு வழியாக உதிரம் வெளியேறுவதாகும். இந்த எல்லையைச் சில நாடுகள் 20 வாரம் என்றும், இந்தியப் பாடநூல்கள் பல 28 வாரம் என்றும் கொள்கின்றன. நூறு கர்ப்பங்களில் 3 முதல் 5 வரை இது ஏற்படுகிறது. பேறுகால வலி தொடங்கும்போது சளியுடன் கலந்து சிறிதளவு உதிரம் வருவது இயல்பானது. அது இதில் சேராது. கருப்பை வாய்ப் புண், தொற்று போன்றவற்றாலும் உதிரம் படலாம். பலருக்குக் காரணம் தெரியாமலே நின்றுவிடுவதும் உண்டு. உயிருக்கு ஆபத்தாவது பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வரும் உதிரப்போக்கே. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்திற்கு 500 முதல் 700 மில்லி லிட்டர் வரை இரத்தம் பாய்வதால், இழப்பு மிக விரைவாக நிகழும்.

இங்கிலாந்தின் நாரிச் நகர மருத்துவர் எட்வர்ட் ரிக்பி 1775இல் வெளியிட்ட நூலில் இதனைத் 'தவிர்க்க முடியாதது', 'தற்செயலானது' என இரண்டாகப் பிரித்தார். பெயர்கள் மாறினாலும் அந்தப் பகுப்பு இன்றும் நிற்கிறது.

கீழிறங்கிய நஞ்சுக்கொடி

ரிக்பி தவிர்க்க முடியாதது என்றது இதையே. நஞ்சுக்கொடி கருப்பையின் மேற்பகுதியில் ஒட்டாமல், கருப்பை வாயை மூடியபடியோ அதன் அருகிலோ ஒட்டியிருக்கும். கடைசி மாதங்களில் கருப்பையின் கீழ்ப்பகுதி விரியும். நஞ்சுக்கொடியால் அவ்வாறு விரிய இயலாது. ஆகவே ஓரம் பிய்ந்து உதிரம் கசிகிறது. நிறைமாதத்தில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு இந்நிலை இருக்கும்.

இதன் அடையாளம் வலியின்மை. தூங்கி எழும்போது படுக்கை நனைந்திருக்கும். வேறு தொல்லை இராது. வலி இல்லை என்பதால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டார் காத்திருப்பதுதான் இங்கு நேரும் பெரிய தீங்கு. முதல் முறை சிறிதாக நின்றுவிட்டாலும் அடுத்த முறை பெருகக்கூடும்.

நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று ஸ்கேனில் தெரியும் வரை உள்ளே விரல் விட்டுப் பரிசோதிக்கக் கூடாது. கருப்பை வாயை மூடியுள்ள நஞ்சுக்கொடியில் விரல் பட்டால், கசிவாக இருந்தது பெருக்காகிவிடும். வீட்டுக்கு வரும் மருத்துவச்சிக்கும் பயிற்சி மருத்துவருக்கும் இவ்விதி ஒன்றே.

ஐந்தாம் மாத ஸ்கேனில் 'நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது' என்று எழுதியிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. கருப்பை வளர வளரப் பத்தில் ஒன்பது பேருக்கு அது மேலே சென்றுவிடும். 32ஆம் வாரத்தில் மறுபடி பார்ப்பது வழக்கம்.

முன்கூட்டிப் பிரியும் நஞ்சுக்கொடி

சரியான இடத்தில் ஒட்டிய நஞ்சுக்கொடி குழந்தை பிறக்கும் முன்பே பிரிந்துவிடுவது இரண்டாம் வகை. ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு நேர்கிறது. உயர் இரத்த அழுத்தம், வயிற்றில் அடிபடுதல், புகையிலைப் பழக்கம், முந்தைய பேற்றில் இதே நிலை ஆகியவை காரணிகள். விடாத வலி இருக்கும். வயிறு பலகை போல் இறுகும்.

இங்கு கண்ணில் படும் உதிரத்தை நம்பக் கூடாது. நஞ்சுக்கொடிக்குப் பின்னால் ஒரு லிட்டருக்கு மேல் தேங்கியிருக்க, வெளியே சில துளிகள் மட்டும் வரலாம், ஒன்றுமே வராமலும் இருக்கலாம். கர்ப்பிணியின் உடலில் இரத்த அளவு கூடியிருப்பதால் அழுத்தமும் உடனே இறங்காது. அது இறங்கும்போது இழப்பு மிகுந்திருக்கும்.

இந்த வகையில் இரத்தத்தின் உறையும் தன்மையே கெடலாம். ஆய்வகம் இல்லாத இடத்தில், சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து வைத்துப் பார்ப்பார்கள். 7 நிமிடத்தில் உறையாவிட்டால் கோளாறு இருக்கிறது என்று பொருள். சிறுநீரகச் செயலிழப்பும் வரலாம். குழந்தைக்கு உயிர்க்காற்றும் ஊட்டமும் தருவது நஞ்சுக்கொடி ஒன்றே என்பதால், பாதிக்கு மேல் பிரிந்தால் பெரும்பாலும் குழந்தை வயிற்றிலேயே இறக்கிறது.

குழந்தையின் இரத்தம்

அரிதான மூன்றாவது நிலையில், குழந்தையின் இரத்தக் குழாய்கள் பாதுகாப்பின்றிக் கருப்பை வாயின் குறுக்கே செல்லும். பனிக்குடம் உடையும்போது அவையும் கிழியும். வெளியேறுவது தாயின் இரத்தமன்று, குழந்தையுடையது. 3 கிலோ எடையுள்ள குழந்தையிடம் மொத்தம் இருப்பது சுமார் 250 முதல் 300 மில்லி லிட்டர்தான். தாய்க்குச் சிறிதாகத் தோன்றும் அளவே இங்கு குழந்தையின் உயிரைக் கொண்டுபோகும்.

சிகிச்சை

1945இல் பெல்ஃபாஸ்ட் மருத்துவர் மகாஃபி, கீழிறங்கிய நஞ்சுக்கொடி உள்ளவர்களுக்கு உடனே பிரசவம் பார்க்காமல், மருத்துவமனையில் வைத்து இரத்தம் ஏற்றிக் காத்திருக்கும் முறையைப் பரிந்துரைத்தார். குறைமாதத்தில் பிறந்து இறந்த குழந்தைகள் பலர் இதனால் தப்பினர். உதிரம் நின்று தாயும் சேயும் நலமாக இருந்தால் இன்றும் அதுவே வழி. குறைமாதப் பேறு நேரும் எனத் தோன்றினால், குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போடப்படும். பெருக்கு நிற்காவிட்டால் மாதக் கணக்குப் பார்ப்பதில்லை. தாயின் உயிரே முதலில். தாய் ஆர்எச் நெகட்டிவ் வகையினராயின் ஆன்டி-டி ஊசியும் தேவை. பேற்றுக்குப் பின்னும் இவர்களுக்கு உதிரப்பெருக்கு வரும் வாய்ப்பு மிகுதி. ஆகவே இரத்த வங்கியும் அறுவை அரங்கும் உள்ள இடத்திற்கு நேரே செல்வது நல்லது. தமிழ்நாட்டில் 108ஐ அழைக்கும்போதே உதிரப்போக்கு என்று சொல்லிவிட வேண்டும்.

சிசேரியன் தழும்பின் மேல் நஞ்சுக்கொடி ஒட்டினால் அது கருப்பைச் சுவருக்குள் வேரோடிவிடலாம். கீழிறங்கிய நஞ்சுக்கொடியுடன் முன்பு ஒரு சிசேரியன் ஆகியிருந்தால் இந்த வாய்ப்பு சுமார் 11 விழுக்காடு. இரண்டு ஆகியிருந்தால் சுமார் 40. பலருக்குக் கருப்பையையே அகற்ற நேர்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பேறுகளில் 44.9 விழுக்காடு சிசேரியன் என்பதால், முந்தைய அறுவையின் சீட்டை அடுத்த கர்ப்பத்தின் முதல் பரிசோதனைக்கே எடுத்துச் செல்வது இங்கு மிகவும் தேவையாகிறது.