என்பும் குருதியும்

பண்டைத் தமிழ் நூல்கள் 'என்பு' எனச் சுட்டும் எலும்பை நாம் பெரும்பாலும் உயிரற்ற பொருளாகவே கருதிவிடுகிறோம். வீட்டைத் தூண் தாங்குவதுபோல் உடலை எலும்பு தாங்குகிறது என்பதோடு நம் எண்ணம் நின்றுவிடுகிறது. ஆனால் எந்தத் தூணும் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வதில்லை. எலும்போ நாள்தோறும் இடிக்கப்பட்டு, நாள்தோறும் கட்டப்படுகிறது. வளர்ந்தோரின் எலும்புத் தொகுதியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் புதிதாகிறது என்பர் அறிவியலார்.

இப்பணியில் இருவகை அணுக்கள் ஈடுபடுகின்றன. பழைய எலும்பைக் கரைத்து அகற்றுபவை அழிப்பணுக்கள். அவ்வாறு ஏற்பட்ட குழியைப் புதிய எலும்பால் நிரப்புபவை ஆக்க அணுக்கள். அழிப்பணுக்கள் குருதி அணுக்களின் வழிவந்தவை. ஆக்க அணுக்களோ மஜ்ஜையில் தோன்றி, அருகிலுள்ள எலும்பின் மேற்பரப்பிலேயே பணிபுரிபவை என நெடுங்காலம் கருதப்பட்டது. 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலைய ஆய்வாளர்கள் இக்கருத்தை விரிவாக்கினர். ஆக்க அணுக்களுக்கு அடையாளமான ஆஸ்டியோகால்சின் என்னும் புரதத்தைத் தாங்கிய அணுக்கள் ஓடும் குருதியிலும் உலவுவதை அவர்கள் கண்டனர். விரைந்து வளரும் பருவத்துச் சிறுவரிடத்தும், எலும்பு முறிந்து தேறிவருவோரிடத்தும் அவை மிகுந்திருந்தன. கட்டட வேலை நடக்கும் ஊருக்குக் கொத்தர்கள் வந்து சேர்வதைப் போன்றது இது. அவ்வாறு உலவும் அணுக்கள் எலும்பாக்கத்தில் எவ்வளவு பங்கு கொள்கின்றன என்பது தொடர்ந்து ஆராயப்படுகிறது.

இடித்தலும் கட்டுதலும் இணையாக நடைபெறும்வரை இழப்பில்லை. இச்சமநிலையைக் காப்பவற்றுள் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு தலையாயது. மாதவிடாய் நின்றபின் மகளிரின் எலும்பு நலிவதற்கு இச்சுரப்பின் குறைவே காரணம் என்ற கருத்தை, பாஸ்டன் நகர மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1940களின் தொடக்கத்திலேயே முன்வைத்தார். சுரப்பு குறையவே அழிப்பணுக்கள் பெருகுகின்றன. நெடுநாள் வாழவும் செய்கின்றன. ஆக்க அணுக்கள் ஓய்ந்துவிடுவதில்லை. எனினும் இடிப்பின் விரைவுக்கு அவற்றால் ஈடுகொடுக்க இயலுவதில்லை. முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் எலும்புத் திண்மையில் 20 விழுக்காடு வரையிலும் குறையக்கூடும். இவ்வாறு எலும்பு புரையோடி எளிதில் முறியும் நிலையே எலும்புப்புரை நோய்.

இந்நோயை நான் முதலில் நூல்களில் அறிந்தேனல்லேன். 2009ஆம் ஆண்டில், தம் 58ஆம் வயதில், என் உம்மா வீட்டு முற்றத்தில் கால் இடறிக் கையூன்றி விழுந்தார்கள். மணிக்கட்டு முறிந்தது, கட்டுப்போட்டு ஆறியதும் நாங்கள் அதை மறந்துவிட்டோம். சில ஆண்டுகளில் அவர்கள் முதுகு கூனியது, முதுமையென்று எண்ணிக்கொண்டோம். முள்ளெலும்புகள் ஒவ்வொன்றாக நொறுங்கியிருந்ததைப் பின்னரே மருத்துவர் படமெடுத்துக் காட்டினார். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே முறிந்த மணிக்கட்டு, அன்றே வந்த எச்சரிக்கை. மாதவிடாய் பற்றிப் பிள்ளைகளிடம் பேசலாகாது என்னும் நாணம் அவர்களுக்கு. கேட்கலாகாது என்னும் தயக்கம் எங்களுக்கு. அந்த மௌனத்தில் ஆண்டுகள் கழிந்தன.

எலும்பின் அடர்த்தியை அளக்க டெக்சா என்னும் எளிய சோதனை உண்டு. அதன் அளவீடு கழித்தல் 2.5 அல்லது அதற்கும் கீழாயின் எலும்புப்புரை என 1994ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் வரையறுத்தது. தேய்மானத்தைத் தடுக்கும் மருந்துகளும் உள்ளன. சுரப்பு மருத்துவம் முறிவைக் குறைத்தாலும், ஈஸ்ட்ரோஜனோடு மற்றொரு சுரப்பையும் சேர்த்து அளித்த முறையில் மார்பகப் புற்றும் பக்கவாதமும் கூடியதை 2002ஆம் ஆண்டு வெளியான அமெரிக்கப் பேராய்வு காட்டியது. ஆதலின் மருத்துவர் அறிவுரையின்றி எதனையும் உண்ணலாகாது.

உணவும் துணைசெய்யும். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. பால், எள், முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியனவும் நன்று. அச்சத்தைக் குடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். அதற்கு வெயில் வேண்டும். வீட்டுக்குள்ளேயே நாளைக் கழிக்கும் பெண்களுக்கு முற்றத்திலும் மாடியிலும் சிறிது வெயிலும் நடையும் கிடைக்க வழிசெய்வது குடும்பத்தாரின் கடமை.

மாணவியரே, முப்பது வயதுக்குள் சேர்த்துவைக்கும் எலும்பே பிற்காலத்துக்கு உங்கள் முதல். மாணவர்களே, உங்கள் தாய்க்கு முதுகு வலிக்கிறதா என்று இன்றே கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.