வெயில் பட்டால் படிப்பு கெடுமா?

சாயங்காலம் ஸ்கூல் வேன் வந்து நிற்கிறது. குழந்தை இறங்கி நேராக வீட்டுக்குள் வருகிறது. முகம் கழுவிப் பால் குடித்ததும் டியூஷன். அது முடிந்தால் ஹோம் ஒர்க், பிறகு டி.வி. அல்லது செல்போன். பல வீடுகளில் குழந்தை வெயிலைப் பார்ப்பது வேனில் ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும்தான். “கொஞ்சம் வெளியே விடுங்களேன்” என்றால், “ஐயையோ, படிப்பு கெட்டுப் போயிடுமே!” என்று பதில் வருகிறது.

உண்மையில் கெடுமா? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், சகோதரிகளே.

முதலில் கண்

என் தங்கை மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். போர்டில் எழுதுவது மங்கலாகத் தெரிகிறது என்றான். கண் டாக்டர் கிட்டப்பார்வை என்று சொல்லிக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். கூடவே, “சின்னவள் தினம் எத்தனை நேரம் வெளியில் விளையாடறா?” என்று கேட்டாராம். தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. “கண்ணுக்கும் விளையாட்டுக்கும் என்ன அக்கா சம்பந்தம்?” என்று போன் செய்தாள்.

சம்பந்தம் இருக்கிறது. வளரும் வயதில் கண்விழி அளவுக்கு மேல் நீண்டு விட்டால் கிட்டப்பார்வை வருகிறது. நல்ல பகல் வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் என்ற பொருள் சுரந்து, விழி அதிகமாக நீளாமல் தடுக்கிறது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். நம் வீட்டுக்குள் விளக்குப் போட்டாலும் வெளிச்சம் சில நூறு ‘லக்ஸ்’தான். வெளியில் மர நிழலிலேயே அது சில ஆயிரம் இருக்கும்.

சீனாவில் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் ஒரு வகுப்பு. மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், வழக்கம்போல் படித்த குழந்தைகளில் 100-க்குச் சுமார் 40 பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியில் போனவர்களில் சுமார் 30 பேருக்குத்தான். 2015-ல் வெளியான முடிவு இது. தைவானிலும் 2010 முதல், குழந்தைகள் தினம் 120 நிமிடம் வெளியில் இருக்கவேண்டும் என்று பள்ளிகள் மூலம் வலியுறுத்தி வருகிறார்கள்.

ஒன்று சொல்லி விடுகிறேன். வந்துவிட்ட கிட்டப்பார்வையை வெயில் போக்கிவிடாது. கண்ணாடி போடத்தான் வேண்டும். ஆனால் இன்னும் வராத சின்னவளுக்கு இது பெரிய பாதுகாப்பு. என் தங்கை டியூஷனை ஆறரை மணிக்குத் தள்ளி வைத்து, பள்ளி விட்டதும் இரண்டு பேரையும் பார்க்குக்கு அனுப்புகிறாள்.

புத்தியும் வளர்கிறது

ஸ்பெயினில் பார்சலோனா நகரில் 7 முதல் 10 வயதுள்ள 2,593 குழந்தைகளை ஒரு வருஷம் கவனித்தார்கள். மரம், செடி அதிகமுள்ள பள்ளிகளில் படித்தவர்களுக்கு நினைவில் வைத்து வேலை செய்யும் திறன் கூடுதலாக முன்னேறியிருந்தது. வாகனப் புகை குறைவாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்றார்கள். மகாகவி தாகூர் 1901-ல் சாந்திநிகேதனில் மரத்தடியில் பள்ளி நடத்தியதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். நம் குழந்தை மரத்தடியில் நின்றால் மட்டும் “உள்ளே வா” என்று கூப்பிடுகிறோம்!

தோட்டம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். எங்கள் பால்கனியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறது. ஒருநாள் இலைமேல் பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ இருந்தது. பக்கத்து வீட்டு மாமி பார்த்துவிட்டு, “புழுடீ! மருந்து அடிச்சிடு, இலை பூரா தின்னுடும்” என்றார். என் கடைக்குட்டி விடவில்லை. அவனுக்காக ஒரு கிளையை விட்டு வைத்தேன்.

சில நாளில் புழு பச்சையாக மாறியது. குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னால் சிவப்பாகக் கவை போல் ஒன்றை நீட்டும். ஒரு நெடி வரும். எதிரியை விரட்ட அது செய்யும் தந்திரம். பிறகு இடுப்பில் நூல் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகி விட்டது. தினம் பார்த்ததைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தான். பன்னிரண்டாம் நாள் காலையில் பட்டாம்பூச்சி! சிறகு உலரும்வரை பல் தேய்க்கக்கூட வரவில்லை. பாடப் புத்தகத்தில் நாலு படமாக இருக்கும் விஷயம். இனி ஜென்மத்துக்கும் மறக்காது.

நமக்கும்தான்

அமெரிக்காவில் ஒரு ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களில் ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், வெறும் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். 1984-ல் வெளியான ஆராய்ச்சி. நாள் முழுக்க அடுப்படிச் சுவரையே பார்க்கும் நமக்கு இது பொருந்தாதா? குழந்தையோடு நாமும் போனால் முழங்காலுக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது.

சில யோசனைகள்

1. வெயில் காலத்தில் காலை 10 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பிறகும் போகலாம். நிழலே போதும். தொப்பியும் தண்ணீரும் கொடுத்து விடுங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது.

2. ஒரே தடவையாக முடியாவிட்டால் அரை அரை மணியாகப் பிரித்துக் கொள்ளுங்கள்.

3. அந்திமந்தாரை எத்தனை மணிக்கு மலர்கிறது, தூங்குமூஞ்சி மரம் எப்போது இலை மூடுகிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கடிகாரம் பார்க்கவும் பழகும்.

4. அரளி, ஊமத்தை இரண்டும் விஷம். வாயில் வைக்கக் கூடாது என்று அடையாளம் காட்டுங்கள்.

5. நாய் கடித்தாலோ பிராண்டினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடவேண்டும். பயந்து மறைக்காமல் சொல்லப் பழக்குங்கள்.

6. வீடு வந்ததும் கைகால் கழுவிவிட்டுச் சாப்பாடு. அன்றைக்குச் சோறு ஊட்ட செல்போன் தேவைப்படாது, பாருங்கள்!

பரீட்சை வருஷா வருஷம் வரும். கண்ணும் மூளையும் வளர்கிற வயது திரும்பி வராது. ஆகவே டைம் டேபிள் எழுதும்போது கணக்கு, இங்கிலீஷ் என்று எழுதுவது போல், ‘வெளியே’ என்றும் ஒரு மணி நேரம் எழுதி வையுங்கள்.