உங்களுக்குத் தெரியுமா? – பிஞ்சுக் கையும் முதல் எழுத்தும்

பெரியவர்களின் மணிக்கட்டில் 8 சிற்றெலும்புகள் உண்டு. பிறந்த குழந்தைக்கு அந்த இடத்தில் வெறும் குருத்தெலும்புதான். முதல் இரண்டு எலும்புகள் சில மாதங்களில் எக்ஸ்ரேயில் தெரியத் தொடங்கும். ஆறேழு வயதில் ஏழு தெரியும். எட்டாவது வருவதற்கு ஒன்பது, பத்து வயதுகூட ஆகலாம். குழந்தையின் எலும்பு வயதைக் கணிக்க டாக்டர்கள் கையைப் படம்பிடிப்பது இதனால்தான். இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் அந்தக் கையிடம், மூன்றரை வயதில் பக்கம் பக்கமாக எழுதும்படி கேட்பது அநியாயம். “கை வலிக்குதும்மா” என்று குழந்தை சொன்னால் அதைச் சாக்கு என்று தள்ளாதீர்கள். நோட்டை மூடிவிடுங்கள்.

★

தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழியும் தையும் அவரைக்காய்க் காலம். ஊறவைத்த அவரைக்கொட்டையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்துப் பிதுக்கி, தோலை நீக்கிப் பிதுக்குப் பருப்புக் குழம்பு வைக்காத வீடு குறைவு. பென்சில் பிடிக்க வேண்டிய விரல்களும் இவைதான்! குழந்தைக்கும் ஒரு கிண்ணம் கொடுத்துப் பக்கத்தில் உட்காரவையுங்கள். பூக்கட்டுவது, பட்டாணி உரிப்பது, ராகி மாவை உருட்டித் தட்டுவது எல்லாமே விரலுக்கு வலுவூட்டும். பென்சிலை எடுக்கும் முன்பே எழுத்துப் பயிற்சி அடுப்படியில் தொடங்கிவிடுகிறது.

★

மணலில் விரலால் எழுதிப் பழகிய நம் திண்ணைப் பள்ளி முறை, கடல் கடந்து இங்கிலாந்து வரை போனது. 1789-இல் சென்னையில் ஆண் அநாதைக் குழந்தைகளுக்கான விடுதிப் பள்ளியைக் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலைப் பரப்பி எழுதுவதைக் கண்டு தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். ஊர் திரும்பி 1797-இல் இதைப் பற்றி அச்சிட்டு வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே அங்குள்ள ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் அது பரவியது.

நம் வீட்டில் மணலைத் தேட வேண்டியதில்லை. விளிம்புள்ள தட்டில் ராகியைப் பரப்பினால் போதும். விரல் போன தடம் பளிச்சென்று தெரியும். தப்பினால் தட்டை ஒரு குலுக்குக் குலுக்கினால் ஆயிற்று. ரப்பர் தேய்த்துத் தாள் கிழிகிற அழுகையும் இல்லை.

★

எழுத்துகளின் வரிசையில் ‘அ’ முதலில் வந்தாலும் எழுதுவதற்கு எளிதான எழுத்து அதுவல்ல. சுழி, வளைவு, குறுக்குக்கோடு, செங்குத்துக்கோடு எல்லாம் அந்த ஒன்றிலேயே இருக்கின்றன. ‘இ’ அதைவிடக் கடினம். ‘ட’ எழுத இரண்டே கோடுகள் போதும். ‘ப’ எழுத மூன்று. அதிலிருந்து ‘ம’வுக்குப் போவது சுலபம். இந்த மூன்றும் வந்தவுடனேயே ‘படம்’, ‘மடம்’, ‘பட்டம்’ என்று குழந்தை சொல்லாகவே எழுதிவிடும் (புள்ளியை நீங்கள் காட்டிக்கொடுத்தால் போதும்). தானே எழுதிய முதல் சொல்லைப் பார்க்கும் அந்த முகத்துக்காகவே இந்த வரிசையைப் பரிந்துரைப்பேன். ஒப்பிப்பதற்கு அ, ஆ வரிசை இருக்கட்டும், எழுதுவதற்கு இது.

★

247 எழுத்து என்று மலைக்க வேண்டாம். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், அவற்றோடு கால், கொம்பு, சுழி என்று சில குறிகள். தனித்தனியாக உற்றுப் பார்த்துப் பழக வேண்டியவை ‘கு, சு, டு’, ‘கூ, சூ, டூ’ போன்ற உகர, ஊகார வரிசைகள் மட்டுமே. மொத்தம் 36.

ஆனால் நம் ஊர்க் குழந்தைக்கு வேறொரு சிக்கல் உண்டு. இங்கே வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்பது சாதாரணம். தமிழ் கற்றல் சட்டம் 2006-இல் வந்த பிறகு, முதல் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாக எல்லாப் பிள்ளைகளும் தமிழ் எழுதுகிறார்கள். கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘கெ’ எழுதும்போது முதலில் ‘க’ வரும், குறி அதன் தலையில் ஏறும். தமிழில் காதில் பின்னால் விழும் ஒலிக்கு உரிய கொம்பைக் கை முன்னால் எழுத வேண்டும்! அம்மா கன்னடத்தில் எழுதுவதைப் பார்த்த பிள்ளை ‘க’வை எழுதிவிட்டுக் கொம்புக்கு இடம் தேடித் திணறினால் அது கவனக்குறைவு இல்லை. பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால் அட்டைகள் செய்து, ‘க’வுக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் வைத்து விளையாட விடுங்கள். அப்புறம் எழுதட்டும்.

★

பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இடக்கைப் பழக்கம். இடமிருந்து வலமாகத் தமிழ் எழுதும்போது அவர்கள் கை எழுதியதையே மறைத்துப் பென்சில் கரியை இழுக்கும். வலமிருந்து இடமாக ஓடும் உருதுவில் அந்தத் தொல்லை இல்லை. உருதுவும் தமிழும் சேர்த்துப் படிக்கும் இடக்கைப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். தமிழ் எழுதும்போது நோட்டின் தலைப்பக்கத்தை வலப்புறம் சற்றே சாய்த்து வையுங்கள், பென்சிலைக் கொஞ்சம் மேலே பிடிக்கச் சொல்லுங்கள். கையை மாற்றச் சொல்லி அடிப்பது மட்டும் கூடவே கூடாது.

★

ஐந்து வயதில் ‘ட’வைத் திருப்பிப் போடுவது, 3-ஐக் கண்ணாடியில் தெரிவதுபோல் எழுதுவது, இவை உலகம் முழுக்கக் குழந்தைகள் செய்வதுதான். அதை வைத்து மட்டும் கற்றல் குறைபாடு என்று முடிவுகட்டாதீர்கள். ஏழெட்டு வயது தாண்டியும் விடாமல் தொடர்ந்தால் ஆசிரியரிடம் பேசுங்கள்.

★

பாட்டி ‘லை’, ‘னை’ எழுதும்போது முன்னால் தும்பிக்கை போல் ஒன்று வளைகிறதா? அதில் பிழையில்லை. பெரியார் 1935-இல் ‘குடிஅரசு’ இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்த எழுத்துகளை, 1978 அக்டோபரில்தான் எம்.ஜி.ஆர். அரசு ஏற்று ஆணையிட்டது. அதற்கு முன்னால் பள்ளிக்குப் போனவர்கள் கற்றது அந்த வடிவம். இரண்டையும் எழுதிக் காட்டச் சொல்லுங்கள், பேரப்பிள்ளை ஆவலோடு பார்க்கும்.

★

அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கேரின் ஜேம்ஸ் என்பவரின் குழு, படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளில் சிலரை எழுத்துகளைக் கையால் எழுதவும், சிலரைத் தட்டச்சு செய்யவும் வைத்து மூளையை ஸ்கேன் செய்து பார்த்தது. வாசிப்புக்குரிய பகுதிகள் கையால் எழுதியவர்களிடம்தான் தெளிவாக வேலை செய்தன. ஆய்வு 2012-இல் வெளியானது.

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வரும் அப்பாவுக்கு நேரம் ஏது என்பீர்கள். பத்து நிமிடம் போதும். சிலேட்டு, ஒரு துண்டுப் பல்பம், ஒரே ஓர் எழுத்து. சின்னத் துண்டாக இருந்தால் குழந்தையால் கை மடக்கிப் பிடிக்க முடியாது, விரல்நுனியால்தான் பிடித்தாக வேண்டும். ஒரு வரி எழுதி முடித்ததும், எது அழகாக வந்திருக்கிறது என்று குழந்தையையே வட்டம் போடச் சொல்லுங்கள். சிவப்புப் பேனா வீட்டில் வேண்டாம்.