புற்றுநோயாளி சிகிச்சையை மறுக்கலாமா?

வைகை பிறக்கும் வருசநாட்டு மலைப்பகுதியில் இருக்கிறது மயிலாடும்பாறை. அங்கே இலவந்தோப்பில் கூலிவேலை செய்யும் ஐம்பது வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நெடுநாள் பீடி குடித்தவர். இரண்டு மாதமாகக் குரல் கம்மியிருக்கிறது. குரல்நாணில் புற்றுநோய், தொடக்க நிலைதான், ஆறு வாரம் கதிர்வீச்சுச் சிகிச்சை வேண்டும் என்கிறார் மருத்துவர். "கரண்ட் வைத்தால் உடம்பு வெந்துபோகும், எனக்கு வேண்டாம்" என்று அவர் ஊர் திரும்பிவிடுகிறார்.

அவரைக் கட்டாயப்படுத்தலாமா? சட்டப்படி முடியாது. சுயநினைவும் தெளிந்த மனமும் உள்ள, வயது வந்த எவரும் சிகிச்சையை மறுக்கலாம் என்பதை 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் உறுதி செய்தது. நினைவிழக்கும் நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும் அத்தீர்ப்பு இடமளித்தது. அதற்கான நடைமுறை 2023-இல் எளிமையாக்கப்பட்டது. ஆகவே, மறுப்பது அவருடைய உரிமை. ஆனால் அவர் எதை மறுக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

கரண்டா, கதிரா?

"கரண்ட் வைப்பது" என்ற பெயரே தவறான எண்ணத்தைத் தருகிறது. இச்சிகிச்சையில் உடலுக்குள் மின்சாரம் பாய்வதில்லை. கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருள் காமாக் கதிர்களை வெளியிடுகிறது. புதிய கருவிகளிலோ, எலெக்ட்ரான்களை வேகப்படுத்தி, உலோகத் தகட்டில் மோதச் செய்து, எக்ஸ் கதிர்களைப் பெறுகிறார்கள். மின்சாரம் கருவியோடு நின்றுவிடுகிறது.

உடம்பு வெந்துபோகுமா? ஒரு நாளைக்கு வழக்கமாகத் தரப்படும் அளவு 2 கிரே. அதாவது, ஒரு கிலோகிராம் திசுவுக்கு 2 ஜூல் ஆற்றல். அது முழுவதும் வெப்பமாக மாறினாலும், அவ்விடத்தின் வெப்பநிலை ஒரு டிகிரியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் உயரும். ஒரு வாய் வெந்நீர் இதைவிட அதிகமாகச் சுடும்!

அப்படியானால் கதிர் என்ன செய்கிறது? உயிரணுவின் மரபுப் பொருளான டி.என்.ஏ. இழைகளை அறுக்கிறது. நல்ல உயிரணுக்கள் மறுநாளைக்குள் பெரும்பாலும் தம்மைச் சீர்செய்துகொள்கின்றன. புற்று உயிரணுக்களுக்கு அத்திறன் குறைவு. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தவே, சிறுசிறு அளவாக, வாரத்துக்கு ஐந்து நாள் வீதம், பல வாரங்கள் தருகிறார்கள். பாதியில் நிறுத்தினால் எஞ்சிய புற்று உயிரணுக்கள் மீண்டும் பெருகிவிடும். தோல் சிவக்கலாம்; விழுங்கும்போது வலிக்கலாம். இவை பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். வெளியிலிருந்து கதிர் பெறுபவர் வீட்டில் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம். டார்ச்சை அணைத்த பிறகு சுவரில் ஒளி தங்குவதில்லை அன்றோ? நம் கூலித் தொழிலாளிக்கு வந்திருப்பது போன்ற தொடக்க நிலைப் புற்றுநோயில், பத்தில் ஒன்பது பேர் அளவுக்குக் குணமடைகிறார்கள், குரலும் மிஞ்சுகிறது.

மறுப்பின் விலை

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குணப்படுத்தக்கூடிய நிலையில் வழக்கமான மருத்துவத்தை விட்டு மாற்று முறைகளை மட்டும் நாடிய 281 பேரை ஆராய்ந்தனர். 2018-இல் வெளியான முடிவு இது: அவர்கள் இறக்கும் அபாயம், சிகிச்சை பெற்றவர்களைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல்.

எல்லா மறுப்பும் ஒன்றல்ல

திருவண்ணாமலை ரமண மகரிஷிக்கு இடது கையில் சார்கோமா என்னும் புற்றுக்கட்டி தோன்றியது. 1949-இல் நான்கு முறை அறுவை நடந்தது. ரேடியம் சிகிச்சையும் தரப்பட்டது. கையையே நீக்கிவிடலாம் என்று மருத்துவர்கள் கூறியபோது அவர் இணங்கவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று, தம் 70-ஆம் வயதில் மறைந்தார். அவர் மருத்துவம் முழுவதையும் மறுக்கவில்லை. ஒரு பகுதியை மட்டுமே மறுத்தார். பிற்காலத்தில் அறிவியலும் இக்கேள்வியை மீண்டும் எடுத்துக்கொண்டது. கை கால்களில் சார்கோமா கண்ட 43 பேரிடம் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் நடத்திய ஆய்வு 1982-இல் வெளியாயிற்று. உறுப்பை நீக்கியவர்களுக்கும், கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் உயிர்பிழைப்பதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே ஒரு வழியை ஏற்க மனமில்லாதவர், "வேறு வழி உண்டா?" என்று கேட்பதே முறை.

நோய் முற்றிப் பரவிய நிலையில், வேதனை அதிகமாகவும் பயன் மிகக் குறைவாகவும் உள்ள மருந்தை ஒருவர் வேண்டாம் என்றால், அது அறியாமை அன்று. அப்போதும் வலியைத் தணிக்க மார்பின் மாத்திரை உண்டு. 2021-இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், வீட்டுக்கே வந்து தரும் வலி தணிப்புப் பராமரிப்பும் சேர்க்கப்பட்டது.

பல சமயம் "வேண்டாம்" என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது பணம். ஆறு வாரக் கூலி, பேருந்துச் செலவு, தங்க இடம். இவற்றை வெளியே சொல்லக் கூசுபவர் "பயமாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிடுவார். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இடம் உண்டு என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டில் ஒருவர் மறுத்தால், அதட்டாதீர்கள். மருத்துவரிடம் அவரையே நான்கு கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள்: நோய் எந்த நிலை? சிகிச்சையால் குணமா, தணிப்பு மட்டுமா? செய்யாவிட்டால் என்ன ஆகும்? வேறு வழி உண்டா? நான்குக்கும் விடை பெற்றபின் அவர் எடுப்பதுதான் முடிவு. அதற்குமுன் சொல்லும் "வேண்டாம்", பெரும்பாலும் அச்சத்தின் குரலே.