குறிஞ்சாக்கேணிக் களப்பின் செம்பாசி

கிண்ணியாவுக்கு அயலிலுள்ள குறிஞ்சாக்கேணியைத் தழுவிக் கிடக்கும் களப்பு நீர், தம்பலகாமக் குடாவோடு தொடர்புடையது. அலைவேகம் குறைந்து, ஆழமின்றி, சேறும் மணலும் சிப்பியோடும் விரவிய இத்தகைய தளங்களே ‘சிலோன் மொஸ்’ என உலகச் சந்தையில் வழங்கிய செம்பாசிக்கு உவந்தவை. நோன்பு மாதத்தில் இப்பகுதி முஸ்லிம் இல்லங்களிற் கடற்பாசி காய்ச்சி உறைய வைத்தல் நெடுநாள் வழக்கம். எனினும் கடையில் வாங்கும் வெண்ணிழைக் கட்டுக்கும் களப்பிற் படர்ந்திருக்கும் செடிக்கும் உள்ள உறவைப் பலர் அறியார்.

செம்பாசியை அதன் செந்நிறத்தால் அறியலாம் என்று எண்ணுவோர் முதலடியிலேயே வழுக்கி விழுவர். செந்நிறத்துக்குக் காரணமான பைக்கோஎரித்திரின் என்னும் நிறப்பொருள் கடும் வெயிலிற் சிதைவுறும். ஆகவே ஆழமற்ற நீரில் வளரும் செடி மஞ்சளாகவோ, தவிட்டு நிறமாகவோ, சிலவேளை பச்சையாகவோ தோன்றும். நன்னீரில் நனைத்து வெயிலில் உலர்த்தினால் முற்றாக வெளுத்துவிடும். நிறம் வழிகாட்டாதபோது உருவத்தையும் உள்ளமைப்பையுமே நாடவேண்டும்.

தமிழகக் கடற்கரையிற் கஞ்சிப்பாசி எனப்படும் கிரசிலாரியா எடுலிசு, சிறு வட்டத் தட்டொன்றினாற் கல்லிலோ சிப்பியிலோ பற்றி நிற்கும். அதன் தண்டு உருளை வடிவானது. குருத்தெலும்பு போல் விறைப்பானது. இவ்விரண்டாகக் கவர்விட்டுக் கிளைத்துக் கூரிய நுனிகளில் முடியும். இதனுடன் மயங்கத்தக்கவை பல. இப்னியா என்பதன் கிளைகளில் முட்போன்ற குறுங்கிளைகள் நிறைந்திருக்கும். அதன் சில இனங்களில் நுனி கொக்கிபோல் வளைந்து அயற்செடிகளைப் பற்றிக்கொள்ளும். அக்காந்தோபோராவின் முட்கள் குறுங்கிளைகளிற் சுற்றிச்சுற்றி அமைந்திருக்கும். இலோரென்சியாவின் மழுங்கிய நுனியிற் சிறு குழி காணப்படும்.

கையிலுள்ள வில்லை இதற்குமேல் உதவாது. சவர அலகால் தண்டைக் குறுக்கே மெல்லிதாகச் சீவி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், கிரசிலாரியாவின் நடுவே நிறமற்ற பெருங்கலங்களும் விளிம்பில் நிறமுள்ள சிறுகலங்களும் தெரியும். அக்காந்தோபோராவிலோ ஒரு நடுக்கலத்தைச் சூழ ஐந்து கலங்கள் நிற்கும். வித்திகள் இன்னுந் தெளிவான சான்று பகர்வன. கிரசிலாரியாவில் நான்கு வித்திகள் சிலுவை போலப் பிரிந்திருக்கும். இப்னியாவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அக்காந்தோபோராவில் நான்முகியாக அமையும். ஆயினும் களப்பில் அகப்படும் செடி பெரும்பாலும் வித்தியற்றதாகவே இருந்து ஆய்வாளரின் பொறுமையைச் சோதிக்கும்.

பெயரின் வரலாறோ செடியிலும் சிக்கலானது. அம்பொய்னாத் தீவிலிருந்த ரம்பியசின் பழைய விவரணத்தை ஆதாரமாகக் கொண்டு 1768 இல் குமெலின் இதற்குப் பியூக்கசு எடுலிசு எனப் பெயரிட்டார். கிரசிலாரியா என்னும் சாதியைக் கிரெவில் 1830 இல் வகுத்தார். நெடுங்காலம் கிரசிலாரியா இலைக்கனோயிடிசு என்றே நூல்கள் எழுதின; பெயரீட்டு விதிகளை ஆராய்ந்த சில்வா 1952 இல் எடுலிசு என்னும் பெயரை நிலைநாட்டினார். 2004 இல் இது ஐதரோபன்சியா என்னும் சாதிக்கு மாற்றப்பட்டது. அம்மாற்றத்தை ஏற்காதோரும் உளர். இலங்கைக் கடற்றாவரங்களைத் தொகுத்துத் துரைரத்தினம் 1961 இல் வெளியிட்ட நூலைக் கையாளும் மாணவர், அதிலுள்ள பெயர்களை இன்றைய பெயர்களோடு ஒப்பிட்டே பயன்படுத்த வேண்டும். கிரசிலாரியா வெறுகோசா என்னும் பெயரில் இதனினும் பெரிய குழப்பம் நேர்ந்தது. ஆசியக் கரைகளில் மெல்லிய உருளைத் தண்டுடன் காணப்பட்ட பலவற்றுக்கும் அப்பெயரே சூட்டப்பட்டது. 1995 இல் பிரித்தானியச் செடிகளை மீளாய்வு செய்தபோது அப்பெயரின் அடிப்படையே ஐயத்துக்குரியதாயிற்று.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு எனின், பயன் இனத்துக்கினம் வேறுபடுகிறது. கிரசிலாரியா அகரைத் தருவது. இப்னியா கராகீனனைத் தருவது. நுண்ணுயிர்களை வளர்க்க அகரைப் பயன்படுத்தும் முறை 1881–82 இல் எசே தம்பதியினரால் கோக்கின் ஆய்வுகூடத்துக்கு வந்தது. அங்கே கராகீனன் அதன் இடத்தை எளிதில் நிரப்பாது. கிரசிலாரியா அகரிலும் சல்பேற்று மிகுதியாயிருப்பின் கூழ் தளர்வாக உறையும். காரக் கரைசலிற் சூடாக்கினால் அக்குறை தணியும். ஆனால் எவ்வளவு காரம், எவ்வளவு நேரம் என்பது இனத்தைப் பொறுத்தது. இரு பாசிகள் கலந்த மூட்டைக்கு நல்ல விலை கிடையாது. அந்நட்டம் இடுப்பளவு நீரில் நின்று அதனை அள்ளியவரையே முதலிற் சாரும்.

ஆகவே களப்பிற் செடியெடுப்பவர் ஒன்றை மூன்றாகப் பிரித்துக்கொள்வது நன்று. ஒரு பகுதி தடித்த தாளிற் பரப்பி அழுத்தி உலர்த்தப்படும். தாளின் மூலையில் இடம், நாள், ஆழம், பற்றியிருந்த பொருள், பறித்த கணத்து நிறம் ஆகியவை எழுதப்படும். மற்றொரு பகுதி, வெட்டிப் பார்ப்பதற்காகக் கடல்நீரிற் கலந்த போமலினில் இடப்படும். மூன்றாவது சிறு துண்டு, போமலின் படாமல், சிலிக்காக் கூழ்மணிகளில் உலர்த்தப்படும். வித்தியற்ற செடியின் இனத்தையும் பரம்பரை அலகுகளின் வரிசையிலிருந்து அறிய உதவுவது இத்துண்டே.