வ.உ.சிதம்பரனார்: கப்பல் நிறுவனமும் பொதுத்தொண்டும்

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான நீராவிக் கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் கம்பெனியின் ஏகபோகமாக, அதாவது போட்டியற்ற வணிகமாக, இருந்த காலத்தில், ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வழக்கறிஞரான வ.உ.சிதம்பரனார் (1872–1936) வணிகர்களை ஒன்றுதிரட்டி, 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவுபெறக் காரணமானார். பத்து லட்சம் ரூபாய் மூலதனம் தலா 25 ரூபாய் விலையுள்ள 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டதால், பெருவணிகரோடு எளிய வருவாயினரும் கப்பல் நிறுவனத்தில் உரிமை பெற வழி பிறந்தது. பாண்டித்துரைத் தேவர் தலைவராகவும் சிதம்பரனார் துணைச் செயலராகவும் பொறுப்பேற்ற இந்நிறுவனம் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்களை வாங்கி இயக்கியபோது, எதிர்த்தரப்பு பயணக் கட்டணத்தைக் கடுமையாகக் குறைத்துப் போட்டியிட்டது.

நிறுவனப் பொறுப்பையும் மக்கள் நலனையும் ஒரே கடமையாகக் கருதிய சிதம்பரனார், தரும சங்க நெசவுச் சாலையைத் தோற்றுவித்ததோடு, 1908 பிப்ரவரியில் கோரல் நூற்பாலைத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்திற்குச் சுப்பிரமணிய சிவாவுடன் இணைந்து வழிகாட்டினார். அதன் பயனாகத் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றனர். அடுத்த மாதமே கைதான அவருக்கு அரசநிந்தனை வழக்கில், அதாவது ஆட்சிக்கு எதிராக மக்களைத் தூண்டியதாகத் தொடரப்பட்ட வழக்கில், விதிக்கப்பட்ட இரட்டை ஆயுள் தண்டனை மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. 1912 இறுதியில் அவர் விடுதலையாவதற்கு முன்பே நிறுவனம் கலைக்கப்பட்டுவிட்டது. தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.