இருதயத்திலும் கட்டி வருமா?

"கட்டி" என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீடுகளில் அடுப்பு எரிவதில்லை. அதிலும் "இருதயத்தில் கட்டி" என்று டாக்டர் சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம். வீட்டார் மனம் உடைந்து, செய்ய வேண்டிய சிகிச்சையையே வேண்டாம் என்று விட்டுவிடுவதும் உண்டு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? இருதயத்திலும் இரத்தக் குழாய்களிலும் எழும் கட்டிகளில் எவை ஆபத்தானவை, எவை சாதாரணமானவை என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

மிக மிக அரிது

முதலில் ஒரு நல்ல செய்தி. இருதயத்திலேயே தோன்றும் கட்டிகள் மிக அரியவை. இறந்தவர்களின் உடல்களை அறுத்துச் சோதித்த கணக்குகளைப் பார்த்தால், 10,000 பேரில் அதிகம் போனால் 3 பேருக்குத்தான் இவை இருந்திருக்கின்றன. அவற்றிலும் 4-ல் 3 பங்குக்குக் குறையாமல் புற்றுநோய் அல்லாத சாதாரணக் கட்டிகளே.

இதற்குக் காரணம் என்ன? நம் தோலிலும் குடலிலும் பழைய உயிரணுக்கள் உதிர்ந்து, புதியவை பிறந்துகொண்டே இருக்கின்றன. அப்படிப் பெருகும் வேலை கட்டு மீறும்போதுதான் புற்று உண்டாகிறது. இருதயத் தசையின் அணுக்களோ குழந்தைப் பருவத்துக்குப் பிறகு மிக அபூர்வமாகவே பெருகுகின்றன. பெருக்கம் இல்லாத இடத்தில் கட்டு மீறுவதற்கும் வாய்ப்புக் குறைவு.

காம்பில் ஆடும் கட்டி

பெரியவர்களின் இருதயத்திலிருந்து அறுத்து எடுக்கப்படும் கட்டிகளில் முக்கியமானது 'மிக்ஸோமா'. இது 30 வயதுக்கு மேல், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வருகிறது. நான்கில் மூன்று இருதயத்தின் இடது மேலறையில் உண்டாகின்றன. நாம் தீபாவளிக்குச் செய்யும் அகார்-அகார் போல வழவழப்பாக, ஒரு காம்பில் தொங்கிக்கொண்டிருக்கும்.

இது புற்று அல்ல. ஆனாலும் சும்மா விடக்கூடாது. இருதயம் துடிக்கும்போது இந்தக் கட்டி ஆடி வந்து வால்வின் வாயை அடைக்கும். குழாய் வாயில் துணி சிக்கினால் தண்ணீர் நிற்பதுபோல் இரத்த ஓட்டம் தடைப்படும். மூச்சு வாங்கும், தலை சுற்றும், சிலர் மயங்கி விழுவர். உட்கார்ந்தால் ஒரு மாதிரி, படுத்தால் ஒரு மாதிரி என்று தொல்லை மாறுவதும் உண்டு. காரணம் தெரியாத காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்து வரலாம். கட்டியின் துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதமே வந்துவிடும்.

காலையில் பிரட்டுக்குப் போகவும் மலைச்சரிவில் ஏறவும் முடியாமல் மூச்சிரைக்கும் ஒரு பெண்ணை, "சோம்பேறி" என்றும் "காத்துக் கருப்பு" என்றும் சொல்லிக் காலம் கடத்துகிறோமே, அங்கேதான் உயிர் போகிறது. மூச்சிரைப்புக்குக் காரணம் பெரும்பாலும் இரத்தச் சோகையாகவோ, வால்வுக் கோளாறாகவோ, ஆஸ்துமாவாகவோ இருக்கும். கட்டியாக இருப்பது அபூர்வம். எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டினால்தானே தெரியும்?

கத்தி காட்டிய வழி

இருதயத்தில் கட்டி இருப்பதை இத்தாலிய உடற்கூறு அறிஞர் ரியால்டோ கொலம்போ 1559-லேயே எழுதி வைத்தார். ஆயினும் ஏறக்குறைய 400 ஆண்டுகள் வைத்தியம் கைகட்டி நின்றது. 1954-ல் சுவீடன் நாட்டு டாக்டர் கிளாரன்ஸ் கிராஃபோர்டு, இருதயத்தின் வேலையை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, மிக்ஸோமாவை வெற்றியுடன் அகற்றினார். ஒலி அலையைக் கொண்டு பார்க்கும் 'எக்கோ' பரிசோதனையும் அதே காலத்தில் வளர்ந்தது. இதில் ஊசியும் இல்லை, வலியும் இல்லை; கட்டி ஆடுவதைத் திரையிலேயே காணலாம். இன்று கோலாலம்பூரில் 1992-ல் தொடங்கப்பட்ட ஐ.ஜே.என். போன்ற மருத்துவமனைகளில் இந்த அறுவை நடைபெறுகிறது. கட்டியை எடுத்த பிறகு பெரும்பாலோர் பழையபடி நடமாடுகின்றனர். சிலருக்கு மட்டும் இது குடும்பவழி வருவதால், நோயாளியின் உடன்பிறந்தார்களையும் பிள்ளைகளையும் பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொன்னால் தட்டக்கூடாது.

உண்மையான பேய்

இருதயத்தில் தோன்றும் கொடிய புற்றும் உண்டு. பெரியவர்களிடம் அதிகம் காணப்படுவது 'ஆஞ்சியோசார்கோமா'. இது இரத்தக் குழாயின் உட்சுவர் அணுக்களில் தோன்றி, பெரும்பாலும் வலது மேலறையில் வளரும்; கண்டுபிடிக்கும் முன்பே பரவியிருப்பது வழக்கம். நல்ல வேளையாக மிக மிக அபூர்வம்.

வேறு உறுப்பிலிருந்து இருதயத்துக்குப் பரவும் புற்றோ, இருதயத்திலேயே பிறக்கும் கட்டிகளைவிடக் குறைந்தது 20 மடங்கு அதிகம். நுரையீரல், மார்பகம், இரத்தம் ஆகியவற்றின் புற்றுகளே பெரும்பாலும் அங்கே குடியேறுகின்றன. சிகரெட்டைக் கைவிட்டால் நுரையீரலோடு இருதயமும் பிழைக்கும்.

பிள்ளைகளுக்கு

குழந்தைகளின் இருதயத்தில் அதிகம் காணப்படுவது 'ராப்டோமயோமா' என்ற தசைக் கட்டி. ஆச்சரியம் என்னவென்றால், இவற்றில் பல வயது ஏற ஏறத் தாமே சுருங்கிவிடும். ஆனால் இக்குழந்தைகளில் பலருக்கு வலிப்பும், தோலில் இலை வடிவ வெள்ளைத் திட்டுகளும் வருகின்ற ஒரு பிறவி நோய் இருக்கும். பிள்ளைக்கு இவ்விரண்டும் சேர்ந்து இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

தாய்மார்கள் அடிக்கடி காண்பது தோலில் எழும் சிவப்புக் கட்டி. இது சின்னஞ்சிறு இரத்தக் குழாய்கள் கூடி உண்டாவது. 100 குழந்தைகளில் 4 அல்லது 5 பேருக்கு வரும். பெண் குழந்தைகளுக்கும் மாதம் நிரம்பாமல் பிறந்தவர்களுக்கும் சற்று அதிகம். முதல் சில மாதங்களில் வேகமாக வளர்ந்து, ஒரு வயதுக்குப் பிறகு மெல்ல மெல்ல வாடிவிடும். "கிரகணத்தன்று வெளியே வந்தாள்" என்று தாயைக் குற்றம் சொல்வது அறியாமை. சுண்ணாம்பு தடவுவதும் சூடு வைப்பதும் அதைவிடக் கேடு. புண்ணாகித் தழும்புதான் மிஞ்சும். கண், மூக்கு, வாய் அருகே இருந்தாலும், புண்ணானாலும், ஐந்துக்குமேல் இருந்தாலும் டாக்டர் பார்த்தாக வேண்டும். 2008-ல் பிரான்சு நாட்டு டாக்டர்கள், இருதயத்துக்காகக் கொடுத்த புரோப்ரனோலால் என்ற மருந்து இக்கட்டியைச் சுருக்குவதைக் கண்டறிந்தனர். இன்று இதற்கு அதுவே முதல் மருந்து.

மருந்து அடிப்போர் கவனிக்க

ஈரலின் இரத்தக் குழாய்களில் எழும் ஆஞ்சியோசார்கோமா, ஜெர்மனியின் திராட்சைத் தோட்டங்களில் பாஷாணம் கலந்த பூச்சிமருந்தோடு பழகிய தொழிலாளர் சிலருக்கு, பல ஆண்டுகள் கழித்து வந்தது. அந்நாளைய மலாயாத் தோட்டங்களிலும் லாலான் புல்லை அழிக்க அதே பாஷாண வகை மருந்துதான் தெளிக்கப்பட்டது. இப்போது மருந்துகள் மாறிவிட்டன. ஆனாலும் கையுறை, முகமூடி இல்லாமல் எந்த மருந்தையும் தொடாதீர்கள். அவற்றைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

கட்டி என்றதும் கலங்க வேண்டாம்; கட்டிதானே என்று அலட்சியமும் வேண்டாம். அது எந்த வகை என்று டாக்டரிடம் துணிந்து கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது.